தாமதித்து வரும் ஒவ்வாமை: குருதியிடம் எதைக் கேட்பது?



ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஒன்றுமில்லை. முதல் வாரமும் சுகமாகவே கழிகிறது. பத்தாம் நாள் உடம்பெங்கும் செந்நிறத் தடிப்பு கிளம்புகிறது. வைத்தியர் மருந்தை மாற்றுகிறார். தடிப்பும் மெல்ல மறைகிறது. 'பழைய மருந்து எனக்கு ஒத்துவரவில்லையா, அல்லது இது வேறு ஏதாவதா?' என்று அறிய விரும்பிய அவர், தாமாகவே ஓர் ஆய்வுகூடத்துக்குச் சென்று ஒவ்வாமைக்கான குருதிப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார். 'சாதாரணம்' என்று அறிக்கை வருகிறது. நிம்மதியடைந்து, வீட்டில் மீதமிருந்த அதே மாத்திரையை மறுபடியும் விழுங்குகிறார்.

இங்கேதான் ஆபத்து பிறக்கிறது. இரண்டாம் முறை வருவது வெறும் தடிப்போடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, உயிருக்கே மோசம் வரலாம்.

அப்படியானால் அந்த அறிக்கை பொய் சொன்னதா? இல்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது. ஆனால், சம்பவத்தைக் கண்ட சாட்சியை விட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகாத ஒருவரிடம் விசாரித்தால் என்ன பதில் கிடைக்கும்? 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதுதான் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்து 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று தீர்ப்பு எழுதுவது எவ்வளவு பெரிய பிழை! ஒவ்வாமை விடயத்தில் இந்தப் பிழை எப்படி நேர்கிறது, சரியான சாட்சி யார், அவரிடம் விசாரிக்க ஆய்வுகூடத்தில் என்ன வழி உண்டு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே ஊரில் இரண்டு உண்மைகள்

இறால் கறி சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவதும், குளவி கொட்டியவுடன் மூச்சு முட்டுவதும் நாம் எல்லோரும் அறிந்த ஒவ்வாமை. இது உடனடி வகை. இன்னொரு வகை உண்டு. புதுத் தோடு போட்ட பிள்ளையின் காது, மறுநாளோ அதற்கும் மறுநாளோ கடித்து, சிவந்து, நீர் வடிகிறது. நாள்தோறும் சீமெந்து குழைக்கும் மேசனின் கை வெடித்துப் புண்ணாகிறது. மருந்து தொடங்கி ஒரு வாரத்துக்கும் மேலான பிறகு உடம்பில் தடிப்பு வருகிறது. இவை தாமத வகை. இரண்டையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். அந்தச் சொல்லை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகர வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்கே ஆவார்.

அன்று ஜேர்மனிக்கு உரியதாயிருந்த பிரெஸ்லவ் நகரம், இன்று போலந்து நாட்டில் வேறு பெயரில் இருக்கிறது. ஒவ்வாமை பற்றிய இரண்டு பெரிய உண்மைகளுக்கு வழி திறந்தது அந்த ஒரே ஊர்தான்.

யோசப் யடசோன் அங்கு பணியாற்றிய தோல்நோய் வைத்தியர். பாதரசம் கலந்த மருந்து பட்ட சிலருக்குத் தோலில் கரப்பான் போன்ற புண் வருவதை அவர் கவனித்தார். அந்தப் பொருளைச் சிறிதளவு எடுத்துத் தோலில் ஒட்டிவைத்து, அதே கோளாறு அந்தச் சிறு இடத்தில் உண்டாகிறதா என்று பார்த்தார். 1895ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டிய இந்த முறைதான் இன்றுவரை உலகெங்கும் செய்யப்படும் 'பட்ச்' பரிசோதனை, அதாவது ஒட்டுப் பரிசோதனை. பதில் கிடைக்க நாட்கள் பிடிக்கும். இது தாமத வகை.

1921ஆம் ஆண்டில் அதே ஊரில் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற இரு விஞ்ஞானிகள் வேறொன்றைக் கண்டார்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒத்துவராது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் குருதியிலிருந்து சீரத்தை, அதாவது குழியங்களை நீக்கியபின் எஞ்சும் தெளிந்த நீரை எடுத்து, பிரவுஸ்னிட்ஸ் தமது தோலின் ஓரிடத்தில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். உடனே அந்த இடம் மட்டும் தடித்து வீங்கியது! உடனடி ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒன்று சீரத்தில் கரைந்திருக்கிறது என்பது இதனால் நிரூபணமாயிற்று. அந்த 'ஏதோ ஒன்று' ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரி என்பது 1960களின் பிற்பகுதியில் தெரியவந்தது. இன்று ஆய்வுகூடங்களில் சாதாரணமாகச் செய்யப்படும் ஒவ்வாமைப் பரிசோதனை அளப்பது இந்த ஐ.ஜி.ஈ.யைத்தான்.

தாமத ஒவ்வாமையையும் இப்படிச் சீரத்தின் மூலம் இடம் மாற்ற முடியுமா? முடியவில்லை. இதற்கு விடை கிடைத்தது 1942இல், நியூயோர்க்கில். மனிதக் குருதி வகைகளைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் லான்ட்ஸ்டைனர், தமது முதிய வயதில் மெரில் சேஸ் என்பவருடன் சேர்ந்து கினிப்பன்றிகளில் ஆராய்ந்தார். ஓர் இரசாயனப் பொருளுக்குத் தோல் ஒவ்வாமை கொண்ட விலங்கின் வெண்குழியங்களை எடுத்து, ஒவ்வாமை இல்லாத விலங்குக்குச் செலுத்தியபோது, அந்த விலங்கும் ஒவ்வாமை கொண்டதாயிற்று. சீரத்தால் ஆகாத காரியத்தை உயிருள்ள குழியங்கள் செய்து முடித்தன.

வாசகர்களே, இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடனடி ஒவ்வாமையின் சாட்சி சீரத்தில் இருக்கிறது. தாமத ஒவ்வாமையின் சாட்சி உயிருள்ள குழியங்களில் இருக்கிறது. ஐ.ஜி.ஈ. பரிசோதனையில் சீரம் மட்டுமே விசாரிக்கப்படுகிறது. அங்கே 'சாதாரணம்' என்று வருவது தாமத ஒவ்வாமையைப் பற்றி எதையும் சொல்லாது.

மனனம் செய்யும் குழியங்கள்

தாமத ஒவ்வாமைக்குக் காரணமானவை 'டி' வகை நிணநீர்க்குழியங்கள். நோய்க்கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பவையும் இவையே. ஒரு பொருளை இவை முதன்முறை சந்திக்கும்போது வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் உள்ளே பாடம் நடக்கிறது. நிக்கல் போன்ற உலோகத்தின் நுண்ணிய துகள்கள் வியர்வையில் கரைந்து, தோலுக்குள் புகுந்து, உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. 'இது நம்முடையது அல்ல' என்று சில நிணநீர்க்குழியங்கள் தவறாகப் படித்துவிடுகின்றன. இந்தப் பாடம் முடிய ஏறத்தாழ பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். பாடத்தை மனனம் செய்த குழியங்கள் பல ஆண்டுகள் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். அதே பொருள் மீண்டும் வரும்போது அவை பெருகி, அந்த இடத்தில் கூடி, அழற்சியை உண்டாக்குகின்றன. கூடுவதற்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை பிடிப்பதால்தான் 'தாமத' ஒவ்வாமை என்கிறோம்.

'பத்து வருடமாக இதைத்தானே பாவிக்கிறேன், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?' என்று பலர் கேட்பதுண்டு. எந்த நாளில் அந்தக் குழியம் பாடத்தைப் படித்து முடிக்கும் என்பது நமக்குத் தெரியாது என்பதே பதில்.

தோலிடம் கேட்பது

இந்தக் குழியங்களை விசாரிக்க மிகப் பழைய வழி தோல்தான். ஜேர்மனியின் றொபேட் கொக் 1890இல் அறிவித்த டியூபர்குலின் மருந்து சயரோகத்தைக் குணப்படுத்தத் தவறியது. ஆனால் அதைத் தோலில் இட்டால் சயரோகக் கிருமியைச் சந்தித்த உடம்பு அந்த இடத்தில் தடிக்கும் என்பது பயனுள்ளதாயிற்று. பிரான்ஸின் சார்ள்ஸ் மன்ரூ 1908இல் வகுத்த ஊசி முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. ஊசி போட்டு, 48 முதல் 72 மணித்தியாலம் கழித்துத் தடிப்பை அளக்கிறார்கள். ஏன் இரண்டு மூன்று நாள்? குழியங்கள் கூடுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். வேறு காரணமில்லை.

ஒட்டுப் பரிசோதனையும் அப்படித்தான். சந்தேகத்துக்குரிய பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அப்போது ஒரு முறையும் பின்னர் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள். நிக்கல், சீமெந்திலுள்ள குரோமியம், தலைமயிர்ச் சாயம், வாசனைப் பொருட்கள் ஆகியவற்றால் வரும் தொடுகை ஒவ்வாமைக்கு இன்றும் முதலிடம் இந்தப் பரிசோதனைக்கே. செலவு குறைந்தது. நோய் வரும் உறுப்பிடமே நேராகக் கேட்பது.

அப்படியென்றால் குருதிப் பரிசோதனை எதற்கு? தோலிடம் கேட்க முடியாத இடங்களும் உண்டு.

பெரிலியம் தந்த பாடம்

பெரிலியம் என்பது மிக இலேசான, மிக உறுதியான ஓர் உலோகம். 1940களில் ஐக்கிய அமெரிக்காவில் குழல் மின்விளக்குகளின் உட்பூச்சில் அதன் கூட்டுப்பொருள் சேர்க்கப்பட்டது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அத்தகைய விளக்குகள் செய்த தொழிலாளர்கள் மூச்சுத் திணறலாலும் உடல் மெலிவாலும் வீழ்ந்தார்கள். 1946இல் ஹரியட் ஹார்டி என்ற பெண் வைத்தியர் தமது சக வைத்தியருடன் சேர்ந்து 17 தொழிலாளரின் நோயைப் பதிவு செய்தார். அந்தப் பதிவின் தலைப்பிலேயே 'தாமதித்த' என்ற சொல் இருந்தது. தூசியைச் சுவாசித்து மாதங்கள், சிலவேளை வருடங்கள் கழிந்த பிறகே நோய் தலைகாட்டியது. 1949இல் விளக்குகளில் பெரிலியம் சேர்ப்பது கைவிடப்பட்டது. ஆனால் அணு ஆயுதத் தொழிற்சாலைகளிலும் விமான, விண்கலத் தொழிலிலும் அதன் பாவனை தொடர்ந்தது.

ஒரே தூசியைச் சுவாசித்த பலரில் சிலருக்கு மாத்திரமே நோய் வந்தது. அவர்களுடைய நிணநீர்க்குழியங்கள் பெரிலியத்துக்கு எதிராகப் பாடம் படித்திருந்தன. 1950களில் இதைக் கண்டறியத் தோலில் பெரிலியத்தை ஒட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வாமை இல்லாதவருக்கும் அந்தப் பரிசோதனையே ஒவ்வாமையைக் கற்பித்துவிடக்கூடும்! நோயைத் தேடப்போய் நோயைக் கொடுப்பதா? ஆகவே அம்முறை கைவிடப்பட்டது.

மனிதனுக்குள் பொருளைச் செலுத்தாமல், மனிதனிடமிருந்து குழியங்களை எடுத்து, அவற்றுக்கு வெளியே வைத்துப் பொருளைக் காட்டினால் என்ன? இந்த எண்ணம்தான் குருதிப் பரிசோதனையின் அடிப்படை.

ஆய்வுகூடத்தில் நடப்பது

இதற்கு வழிகாட்டியது ஒரு விதை என்றால் வியப்பாக இருக்கும். போஞ்சி இனத்தைச் சேர்ந்த சிவப்பு அவரை விதையில் ஒரு புரதம் உண்டு. செங்குழியங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வது அதன் இயல்பு. அதனால் குருதியிலிருந்து செங்குழியங்களைப் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நொவெல் ஒரு புதுமையைக் கவனித்தார். அந்தப் புரதம் பட்ட நிணநீர்க்குழியங்கள் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே பருத்து, பிளவுபட்டுப் பெருகின! அதுவரை அவை பெருகும் காலம் முடிந்துபோன முதிர்ந்த குழியங்கள் என்றே கருதப்பட்டன. 1963இல் இன்னொரு படி தாண்டப்பட்டது. டியூபர்குலினைச் சேர்த்தபோது, அதற்கு உணர்வு பெற்றிருந்தோரின் குழியங்கள் பெருகுவது வெளியாயிற்று. மனனம் செய்த பாடத்தைக் குழியம் உடம்புக்கு வெளியேயும் ஒப்புவிக்கும் என்பது உறுதியானது.

இன்று நிணநீர்க்குழிய மாற்றப் பரிசோதனை என்று வழங்கும் முறை இதுதான். நோயாளியிடமிருந்து குருதி எடுத்து, அது உறையாதபடி மருந்து சேர்க்கிறார்கள். நிணநீர்க்குழியங்களைப் பிரித்தெடுத்து, போசணைத் திரவத்தில் இட்டு, சிறு சிறு கிண்ணங்களில் பகிர்கிறார்கள். சில கிண்ணங்களில் எதையும் சேர்ப்பதில்லை. சிலவற்றில் சந்தேகத்துக்குரிய மருந்தை அல்லது உலோகத்தைப் பல்வேறு அளவுகளில் சேர்க்கிறார்கள். இன்னும் சிலவற்றில் எல்லோருடைய குழியங்களையும் தூண்டக்கூடிய ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். குழியங்கள் உயிரோடு, வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கே இந்தக் கடைசி ஏற்பாடு. உடல் வெப்பமாகிய 37 பாகை செல்சியஸில் ஐந்து ஆறு நாட்கள் வைத்திருக்கிறார்கள். பின்பு கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். பெருகும் குழியம் புதிதாக மரபணுப் பொருளைக் கட்டும்போது இதை உள்ளே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதைக் கருவி எண்ணிச் சொல்லும்.

மருந்து சேர்த்த கிண்ணத்தின் எண்ணிக்கையை, எதுவும் சேர்க்காத கிண்ணத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது 'தூண்டற் சுட்டி'. அது இரண்டு அல்லது மூன்று மடங்கைத் தாண்டினால், பொருளுக்கும் ஆய்வுகூடத்தின் அளவுகோலுக்கும் ஏற்ப, 'ஆம்' என்று கொள்கிறார்கள்.

இங்கே விசாரிக்கப்படுவது உயிருள்ள சாட்சி என்பதை மறக்கலாகாது. எடுத்த குருதி ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். நீண்ட நேரம் தாமதித்தால் குழியங்கள் சோர்ந்துவிடும். பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவரின் குழியங்கள் பேசாமல் இருந்துவிடலாம். சாதாரணச் சீரப் பரிசோதனையைப் போல எந்த ஆய்வுகூடத்திலும் செய்துவிடக் கூடியதல்ல இது.

பெரிலியத் தொழிலாளரிடையே இந்தப் பரிசோதனை 1980களின் பிற்பகுதி முதல் நடைமுறைக்கு வந்தது. நெஞ்சில் நோய் வெளிப்படுவதற்கு முன்பே ஒவ்வாமை கொண்டவர்களை அடையாளம் காண முடிந்தது. அமெரிக்க அரசு 1999இல் தனது அணுசக்தித் தொழிலாளருக்கும், 2017இல் பெரிலியத்தோடு வேலை செய்யும் பரந்த தொழிற்துறைகளுக்கும் இதை விதிமுறைகளில் சேர்த்தது. ஆனால் அங்கேயும் 'ஆம்' என்ற ஒரேயொரு முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. மறுபடியும் குருதி எடுத்து உறுதிப்படுத்துகிறார்கள். ஒரு சாட்சியோடு திருப்தியடையாத இந்த நிதானம் கவனிக்கத்தக்கது.

மருந்தும் குருதியும்

இனி நாம் தொடங்கிய மருந்து விடயத்துக்கு வருவோம். 1997இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகர ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மருந்து ஒவ்வாமை நிச்சயம் என்று மதிப்பிடப்பட்ட 100 பேரின் குழியங்களைச் சோதித்தபோது, 78 பேரில் 'ஆம்' என்று வந்தது. எஞ்சிய 22 பேரில் ஒவ்வாமை இருந்தும் பரிசோதனை மௌனமாக இருந்தது. மறுபக்கம், ஒவ்வாமை இல்லாதோரில் 85 வீதமானோருக்கே 'இல்லை' என்ற சரியான பதில் கிடைத்தது. இது அனுபவம் மிக்க ஓர் ஆய்வுகூடத்தின் கணக்கு. தோல் உரியும் கொடிய வகை நோய்களில் இந்தப் பரிசோதனை மௌனமாக இருந்துவிடும் சந்தர்ப்பங்கள் இன்னும் அதிகம்.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. 'ஆம்' என்று வந்தால் வைத்தியரின் சந்தேகத்துக்கு அது பலம் சேர்க்கும். 'இல்லை' என்று வந்தால், அந்த மருந்தை மறுபடி விழுங்கலாம் என்பதற்கு அது அனுமதிப் பத்திரமாகாது. எந்த மருந்து, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் தடிப்பு வந்தது என்ற வரலாறே முதலிடம் பெறும்.

குருதியிடம் வேறொரு விதமாகவும் கேட்கலாம். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தால் சிலருக்கு ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய் எனப்படும் தோலுரியும் நோய் வருவதுண்டு. 2004இல் தாய்வான் நாட்டு விஞ்ஞானிகள், இம்மருந்தால் அந்நோய் கண்ட 44 பேரின் மரபணுவையும் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது! மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடமே அது காணப்பட்டது. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் இந்த மரபணுவைச் சோதிக்கும்படி அறிவுறுத்தியது. தாய்வானில் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அம்மரபணு உள்ளோருக்கு வேறு மருந்து கொடுத்தபோது, ஒருவருக்கேனும் அந்தக் கொடிய நோய் வரவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வு கூறியது. ஒவ்வாமை வருமுன்னரே கேட்கப்படும் கேள்வி இது. இது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. குறித்த சில மருந்துகளுக்கே இவ்வாறான மரபணு அறிவு இதுவரை கிடைத்துள்ளது.

நம் நாட்டோடு தொடர்புள்ள இன்னோர் எடுத்துக்காட்டு சயரோகம். இலங்கையில் பிறக்கும் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. இதனால் தோலில் டியூபர்குலின் இட்டால், நோய்க்கிருமி தொற்றாதவருக்கும் தடிப்பு வரக்கூடும். குருதிக் குழியங்களுக்குக் கிருமியின் புரதத்தைக் காட்டி, ஓர் இரவு வைத்திருந்து, அவை சுரக்கும் இன்டர்ஃபெரோன் காமா என்ற பொருளை அளக்கும் முறை முதலில் ஆஸ்திரேலியாவில் மாடுகளின் சயரோகத்துக்காக உருவாக்கப்பட்டது. மனிதருக்கான முறைக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி வழங்கியது. பின்னர் வந்த திருத்திய முறையில் பி.சி.ஜி. ஊசியில் இல்லாத புரதங்களைச் சேர்த்ததால், தடுப்பூசியால் வரும் குழப்பம் நீங்கியது. ஆனாலும் கிருமி உடம்பில் உறங்குகிறதா, நோயாக விழித்துக்கொண்டதா என்பதை இப்பரிசோதனையும் பிரித்துச் சொல்லாது.

'ஆம்' என்றால் நோய் என்று பொருளா?

குழியம் ஒரு பொருளை நினைவில் வைத்திருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பொருளால் மனிதன் நோயுறுகிறான் என்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை மறக்கும்போதுதான் பணமும் நிம்மதியும் ஒருங்கே பறிபோகின்றன.

1994இல் சுவீடனின் வேரா ஸ்டெஜ்ஸ்கல் குழுவினர் உலோக ஒவ்வாமைக்கென 'மெலிசா' என்ற குழியப் பரிசோதனையை அறிமுகப்படுத்தினர். 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் தங்கம், பலேடியம், நிக்கல் ஆகியவற்றுக்குக் குழியப் பரிசோதனையையும் ஒட்டுப் பரிசோதனையையும் ஒப்பிட்டார்கள். தோலில் ஒவ்வாமை இல்லாதோரின் குழியங்களும் பெருகக் கண்டார்கள். ஆகவே களைப்பு, தலைவலி போன்ற பொதுவான முறைப்பாடுகளுக்கு இப்படியோர் அறிக்கையை மட்டும் நம்பி, பல்லில் அடைத்திருப்பதைத் தோண்டி எடுப்பது போன்ற முடிவுக்குப் போவது அவசரமாகும்.

இதைவிடப் பரவலான இன்னொன்று, 'மறைந்திருக்கும் உணவு ஒவ்வாமை' என்ற பெயரில் விற்கப்படும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை. நூற்றுக்கணக்கான உணவுகளின் பட்டியல் போட்டு, சிவப்பும் பச்சையுமாக நிறமிட்டுக் கொடுக்கிறார்கள். 'தாமத ஒவ்வாமை' என்ற சொல்லும் அங்கே தாராளமாகப் பாவிக்கப்படுகிறது. ஆனால் ஐ.ஜி.ஜி. குழியமல்ல. அதுவும் சீரத்திலுள்ள பிறபொருளெதிரியே. நாம் வழமையாக உண்ணும் உணவுக்கு அது உண்டாவது இயல்பு. ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2008இலும், அமெரிக்கச் சங்கம் 2010இலும், கனேடியச் சங்கம் 2012இலும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறியுள்ளன. அந்தப் பட்டியலை நம்பி வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் மீனையும் கோதுமையையும் நிறுத்திவிடும் உம்மா, நோயைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு போசாக்கைத்தான் தடுக்கிறார்.

கறுப்பு மருதோன்றி

நம்முடைய வீடுகளை நேரடியாகத் தொடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் பெண் பிள்ளைகள் கையில் மருதோன்றி போடுவது நம் வழக்கம். இயற்கையான மருதோன்றி சில மணித்தியாலம் ஊறி, செம்மஞ்சளாகவோ செங்கபிலமாகவோ சிவக்கும். அது ஒருபோதும் உடனே கறுப்பாகாது. சிறிது நேரத்தில் கரிய நிறம் தரும் 'கறுப்பு மருதோன்றி'யில் பரா-பினைலீன்-டைஅமீன் என்ற தலைமயிர்ச் சாயப் பொருள் பெரும்பாலும் கலந்திருக்கும். தாமத ஒவ்வாமையை உண்டாக்குவதில் மிகவும் வலிமை வாய்ந்த பொருட்களில் ஒன்று இது. ஐரோப்பாவில் தலைமயிருக்கு மட்டும், அதுவும் அளவு கட்டுப்பாட்டோடு இதற்கு அனுமதி உண்டு. தோலில் பூச அனுமதி இல்லை.

முதல் முறை போட்டபோது அழகாக இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் குழியங்கள் பாடம் படித்துவிட்டால், அடுத்த முறை கோலம் போட்ட கோடுகளிலேயே கொப்புளம் எழும்பும். அத்தோடு முடிவதுமில்லை. அந்தப் பிள்ளை பல வருடங்கள் கழித்துத் தலைக்குச் சாயம் பூசினாலும் முகமும் கண்ணிமையும் வீங்கிப் புண்ணாகலாம். அப்போது ஐ.ஜி.ஈ. பார்த்தால் சாதாரணமாகவே இருக்கக்கூடும். விசாரிக்க வேண்டிய இடம் ஒட்டுப் பரிசோதனை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மருந்தால் தடிப்பு வந்தால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். வலிப்பு மருந்து போன்றவற்றைத் திடீரெனத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து என்பதால், நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அவர் உடனே தீர்மானிக்கட்டும். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல், தோலில் வலி, கொப்புளம், தோல் உரிதல், முகம் வீங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் நேரம் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, ஒத்துவராத மருந்தின் பெயரை எழுதி வையுங்கள். வியாபாரப் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆகவே மருந்தின் பொதுப் பெயரை வைத்தியரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தொடங்கிய திகதியும் தடிப்பு வந்த திகதியும் அதில் இருக்கட்டும். பாமசியில் மருந்து வாங்கும்போதும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். எந்த ஆய்வுகூடப் பரிசோதனையையும் விடப் பயன் தரக்கூடிய பக்கம் அது.

மூன்றாவது, ஒத்துவராத மருந்தை 'ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்' என்று வீட்டில் பரீட்சிக்க வேண்டாம். அந்தப் பரீட்சை செய்ய வேண்டியிருந்தால், அதற்குரிய இடம் வைத்தியசாலை.

நான்காவது, தோடு, கைக்கடிகாரம், காற்சட்டைப் பொத்தான் பட்ட இடத்தில் கடி வந்தால், நிக்கலைச் சந்தேகித்து அதைத் தவிருங்கள். ஐரோப்பிய நாடுகள் 1994இல் சட்டம் இயற்றி, தோலில் படும் பொருட்களிலிருந்து கசியும் நிக்கலைக் கட்டுப்படுத்தின. டென்மார்க் போன்ற நாடுகளில் அதன்பின் இளம் பெண்களிடையே இந்த ஒவ்வாமை குறைந்தது. தவிர்ப்பதே இதற்கு மருந்து. குழியம் மனனம் செய்ததை அழிக்க நம்மிடம் வழியில்லை. ஆனால் அதை நினைவூட்டாமல் இருக்க நம்மால் முடியும்.

கடைசியாக, யாராவது ஓர் ஒவ்வாமைப் பரிசோதனையைச் செய்யச் சொன்னால், பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது சீரத்தைச் சோதிப்பதா, உயிருள்ள குழியங்களைச் சோதிப்பதா? என்னுடைய நோய் உடனே வருவதா, தாமதித்து வருவதா? 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வந்தால் வைத்தியர் என்ன செய்யப்போகிறார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கையை நீட்டுங்கள். விடை தெரியாமல் வாங்கும் அறிக்கையில் 'சாதாரணம்' என்று எழுதியிருந்தாலும் அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூட விழுங்க வேண்டாம்.